ஏசியில் கேஸ் தீர்ந்துபோவதில்லை

பங்குனி பிறந்ததும் எங்கள் வீட்டு ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பிக்கும். மெக்கானிக் வருவார், அவுட்டோர் யூனிட்டில் மீட்டரை மாட்டுவார், "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்" என்பார். இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து அனுப்புவோம். மூன்று கோடை இப்படியே போனது.

நான்காவது கோடையில் வந்தவர் வேறு ஆள், வயதானவர். மீட்டரை எடுக்கவேயில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கேட்டார். நுரையை ஸ்பாஞ்சில் எடுத்து, செம்புக் குழாய் வந்து சேரும் பித்தளை நட்டுகளில் பூசிவிட்டு, "கொஞ்சம் பொறுங்க" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரிய நட்டின் ஓரத்தில் மிளகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. மறுபடி அதே இடத்தில் எழுந்தது. மூன்று வருடப் பணமும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, அறையின் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டும். பத்து வருடம் ஆனாலும் அளவு குறையக் கூடாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். எனவே "வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால், "லீக் எங்கே என்று காட்டுங்கள், அப்புறம் போடலாம்" என்று கேளுங்கள்.

லீக் பெரும்பாலும் அந்த நட்டுக்குள்தான் இருக்கும். குழாயின் நுனியைப் புனல் மாதிரி விரித்து நட்டுக்குள் பொருத்துவார்கள். விரித்தது கோணலாக இருந்தாலோ, ஸ்பேனரால் அளவுக்கு மீறி இறுக்கினாலோ அங்கே விரிசல் விடும். எங்கள் வீட்டில் குழாயின் நுனியை வெட்டி, புதிதாக விரித்துப் போட்டார். கடற்கரையோர வீடுகளிலும் கூவம் மாதிரி சாக்கடை நீர் ஓடும் கரைகளிலும் கதை வேறு. உப்புக் காற்றும் சாக்கடை வாயுவும், யூனிட்டுக்குள் கேஸ் ஓடும் வளைகுழாய்களான காயிலையே அரித்து ஊசித்துளை போட்டுவிடும். அப்போது காயிலை மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப்போட்டால் அதிக நாள் தாங்காது.

அடைத்த பிறகு செய்யும் வேலையிலும் ஒரு தவறு வழக்கமாகவே நடக்கிறது. குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நேரமில்லை என்று, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவதோடு முடித்துவிடுகிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஏசி இன்றைக்கு நன்றாகக் குளிரும், இரண்டு வருடம் கழித்துக் கம்ப்ரசர் போகும். கேஸை மீட்டர் பார்த்து உத்தேசமாக ஏற்றுவதைவிட, தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து ஏற்றுவதே சரி. எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று எந்த கேஸ் என்பதும் அதில்தான் இருக்கும். ஆர்-22 ஓடிய பழைய இயந்திரத்தில் ஆர்-32 ஏற்ற விடாதீர்கள். அதன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், போதாததற்குத் தீப்பற்றும் தன்மையும் கொஞ்சம் உண்டு.

குளிரவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் கேஸ்தான் காரணம் என்றும் இல்லை. இன்டோர் யூனிட்டின் மூடியைத் தூக்கி, ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரியாத அளவுக்குத் தூசி படிந்திருந்தால் காற்று எப்படிப் போகும்? காற்று குறைந்தால் காயிலின் குளிர் உள்ளேயே தேங்கி அதன் மேல் ஐஸ் கட்டும். "ஐஸ் கட்டுது, செம கூலிங்" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் கட்டினால் ஏசியை நிறுத்தி ஃபேன் மோடில் ஓடவிடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

உள்ளே தண்ணீர் ஒழுகினால் முதலில் டிரெயின் பைப்பைப் பாருங்கள். பாசி அடைத்திருக்கும், அல்லது வழியில் குழாய் மேல்நோக்கி வளைந்திருக்கும்.

அவுட்டோர் யூனிட்டை ஒளித்து வைப்பது புது அடுக்குமாடிகளில் வந்திருக்கும் வியாதி. குறுகலான டக்டுக்குள்ளோ, அழகுக்கு அடித்த தகர ஜன்னலுக்குப் பின்னாலோ வைத்தால், அது கக்கிய சூட்டை அதுவே திரும்ப இழுக்கும். கரண்ட் எகிறும். துணி உலர்த்தும் இடமாக்குவதும் அப்படித்தான். ஜெட் பம்பை நெருக்கமாகப் பிடித்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப்போகும், தள்ளி நின்று நேராக அடிக்கச் சொல்லுங்கள். நம் ஊருக்கே உரிய ஒரு பிரச்சினையும் உண்டு: பல்லி. சூடான சர்க்யூட் போர்டைத் தேடி யூனிட்டுக்குள் போய் ஷார்ட் ஆக்கும். ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிட்டுத் தானும் கருகிக் கிடக்கும். வயர் நுழையும் துளையை அடைத்து வைப்பதுதான் வழி.

பதினாறு டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் பொய் நம்பிக்கை. வேகம் கூடாது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே வந்தது. தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, எப்போது மாற்றுவது? ஆர்-22 இயந்திரத்தில் காயிலே ஓட்டை என்றால் யோசிக்காமல் ஏசியையே மாற்றிவிடுங்கள். கம்ப்ரசர் மட்டும் போயிருந்தால் வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள், பல கம்பெனிகள் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் தருகின்றன. கூலியும் கேஸும் பெரும்பாலும் நம் தலையில்தான். புதிதாக வாங்கும்போது ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். 2022 ஜூலையில் அளவுகோலைக் கடுமையாக்கியபோது அதுவரை ஐந்து ஸ்டாராக இருந்தது நான்காக இறங்கியது. செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்று காட்டும் ஐஎஸ்இஇஆர் எண் முத்திரையில் இருக்கும், அதை ஒப்பிடுங்கள், கூடுதலாக இருப்பதே நல்லது. மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை என்றால், கடைக்காரர் சதுர அடி கேட்கும்போது அதையும் சொல்லுங்கள்.

பழையதைக் கழற்றும் நாளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டுவதற்காகக் கம்ப்ரசரை ஓட்டுவார்கள். ஏற்கெனவே லீக் உள்ள இயந்திரத்தில் அப்படி ஓட்டினால் காற்று உள்ளே புகுந்து, எண்ணெயோடு அழுத்தப்பட்டு வெடிக்கக்கூடும். லீக் பார்க்க வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றினாலும் இதே கதிதான், அதற்கு நைட்ரஜன் மட்டுமே. லீக் இருந்ததைக் கழற்ற வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளைப் பால்கனிப் பக்கம் விடாதீர்கள்.