குழந்தையின் செவிநரம்புக் கட்டி: காதோடு நின்றுவிடும் பார்வை

செவிநரம்பை ஒட்டி வளரும் கட்டிக்கு வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று பெயர். நரம்புக்கு உறையாக அமையும் ஷ்வான் செல்களில் தோன்றும் இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. நடுத்தர வயதில் ஒரு காதுப் பக்கம் மட்டும் வந்தால், பெரும்பாலும் பரம்பரைக் காரணம் எதுவும் இருக்காது. அதே கட்டி குழந்தைக்கோ இளவயதினருக்கோ வந்தால், அதிலும் இரண்டு பக்கமும் இருந்தால், 22ஆம் குரோமோசோமில் உள்ள என்எஃப்2 மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். கட்டியைக் கண்டுபிடித்ததோடு திருப்தியடைந்து, மரபணுக் கேள்வியைக் கேட்காமலே விடுவதைத்தான் பெரிய தவறு என்பேன்.

இந்த மரபணு மாற்றத்தால் நரம்புகளிலும் மூளையுறையிலும் கட்டிகள் வளரும் நோயையும் என்எஃப்2 என்றே அழைக்கிறார்கள். குழந்தைகளிடம் இது காதில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இளவயதிலேயே கண்புரை, விழித்திரையில் மாற்றம், தோலில் சற்றே தடித்த திட்டு, காரணம் புலப்படாத முகவாதம், ஒரு பாதம் தொய்ந்து நடப்பது என்று வேறு வாசல்களில் அது எட்டிப் பார்க்கும். கண்ணைக் கண் மருத்துவரும் காலை எலும்பு மருத்துவரும் தனித்தனியே பார்த்து அனுப்பிவிட்டால், இவற்றை யாரும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பதில்லை. சிறுவயதில் மூளையுறைக் கட்டி கண்டறியப்பட்டாலும் என்எஃப்2 பற்றி விசாரிக்க வேண்டும்.

காதில் தெரியும் அறிகுறியையும் எளிதில் தட்டிக்கழித்துவிடுகிறோம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் ‘கவனமில்லை’ என்று திட்டுவது ஒன்று. ஒலி கேட்கும், ஆனால் சொல் புரியாது என்பது இந்தக் கட்டியில் அடிக்கடி காணப்படுவது. ஆகவே வெறும் ஒலிச் சோதனை போதாது, சொல் புரியும் திறனையும் சோதிக்க வேண்டும். திடீரென்று குறைந்த கேட்கும் திறன் ஸ்டீராய்டு மருந்தில் மீண்டுவிட்டால் கட்டி இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. சாதாரண சி.டி. ஸ்கேனில் சிறிய கட்டி தப்பிவிடும். சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் நம்பத்தக்கது.

‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே!’ மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மரபணு மாற்றம் புதிதாகத்தான் ஏற்படுகிறது. பெற்றோரிடமிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. சிலருக்கு அது கருவுற்ற பிறகு நிகழ்வதால், உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ரத்தப் பரிசோதனை ‘மாற்றம் இல்லை’ என்று சொல்லலாம்; அதை நம்பிக் கோப்பை மூடிவிடுவது பிழை. அகற்றிய கட்டியின் திசுவைச் சோதித்தால் உண்மை வெளிவரக்கூடும். என்எஃப்2 உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 சதவீதம். மாற்றம் சில செல்களில் மட்டும் உள்ளவருக்கு இந்த வாய்ப்பு குறைவு; ஆனால் குழந்தைக்கு அது கடந்துவிட்டால், அதன் எல்லாச் செல்களிலும் இருக்கும். கணக்கைப் புரியவைக்க மரபணு ஆலோசகர் தேவை. இணையத் தேடல் அதற்கு உதவாது.

என்எஃப்1 என்பது வேறு நோய், 17ஆம் குரோமோசோமைச் சேர்ந்தது. தோலில் காபி நிறப் புள்ளிகள் நிறைய இருப்பது அதன் அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேட வேண்டிய கட்டிகளும் மாறிப்போகும்.

சிகிச்சையில் அவசரமும் ஒரு தவறே. கட்டி இருக்கிறது என்பதற்காகவே உடனே அறுவை செய்தால், மிஞ்சியிருந்த கேட்கும் திறனும் முகநரம்பும் பாதிக்கப்படலாம். மூளைத்தண்டை அழுத்தாத, மெதுவாக வளரும் கட்டியைக் குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதும் சிகிச்சைதான். அதற்காக, பயத்தில் ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடுவது கண்காணிப்பு ஆகாது. கதிர்வீச்சைச் சுலபமான குறுக்குவழியாகவும் கருத வேண்டாம். என்எஃப்2 உள்ள குழந்தைகளுக்கு அது பிற்காலத்தில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். வளரும் கட்டிக்குச் சிலரிடம் பெவாசிசுமாப் மருந்து பலனளிக்கிறது, கேட்கும் திறன்கூட மேம்படுகிறது. எல்லோருக்கும் அல்ல.

அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்து தண்ணீர். சமநிலை நரம்பு பழுதானால், நீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதனால் மூழ்கியிருக்கிறார்கள். இந்தக் குழந்தைகள் தனியாக நீந்தவே கூடாது.

கேட்கும் திறன் முழுதாகப் போன பிறகு உதடு பார்த்துப் புரிந்துகொள்வதையும் சைகைமொழியையும் தொடங்குவது கடினம். காது ஓரளவு கேட்கும்போதே தொடங்குவது நல்லது. உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்பிளாண்ட், அதற்கும் நரம்பு இடம்கொடாவிட்டால் மூளைத்தண்டில் பொருத்தும் கருவி ஆகியவை உண்டு. இந்த இரண்டாவது கருவி 1979இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது என்எஃப்2 நோயாளி ஒருவருக்குத்தான்.