ஆர்.வி.யில் படுக்கும் முன்

அரிசோனா பாலைவனம் மாதிரி மின் இணைப்பே இல்லாத இடத்தில் ஆர்.வி.யை (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீடு மாதிரியான வண்டி) நிறுத்தித் தூங்கப் போகிறீர்களா? திருடனைவிட நான் அதிகம் பயப்படுவது, ஜெனரேட்டரிலும் அடுப்பிலும் எரிபொருள் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்குத்தான். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். படுக்கும் முன் ஜெனரேட்டரை அணைத்துவிடுங்கள். குளிருகிறதே என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்கவே கூடாது. அப்புறம், கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கழற்றி, பின்பக்கம் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுதான் ஆயுள். பீப் சத்தம் வந்தாலும், தேதி முடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரவில் தலைவலி, குமட்டல் என்று யாராவது எழுந்தால், முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். சாவியும் டார்ச்சும் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.