திருமண நாளை ஊரில் கொண்டாட வருவோருக்கு: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஏற்பாடுகள்

வெளிநாட்டில் குடியேறிய கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் தங்களுடைய 25ஆம் திருமண நாளையோ பெற்றோரின் 50ஆம் திருமண நாளையோ ஊரில் கொண்டாடுவது என்று முடிவு செய்தவுடன் முதலில் தேடுவது மண்டபத்தைத்தான். முந்நூறு பேருக்கு அழைப்பு, மேடை அலங்காரம், பந்தி, புகைப்படம் என்று ஒரே மாலையில் எல்லாம் முடிந்துவிடும். வந்தவர்களில் ஒருவரிடமாவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டீர்கள். விடுப்பில் வருகிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. விழாவுக்கு ஒரு வேளையை ஒதுக்கிவிட்டு, மிச்ச நாள்களை உறவினர், நண்பர் வீடுகளின் அன்றாட வாழ்க்கைக்குள் போய் இருப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அதில் ஏறக்குறைய ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை ஆடி மாதம். ஆடியில் புதிதாகத் திருமணம் நடத்த மாட்டார்களே தவிர, எப்போதோ நடந்த திருமணத்தின் நாளைக் கொண்டாடத் தடை ஏதும் இல்லை. இருந்தாலும் "ஆடியில் மாலை மாற்றுவதா?" என்று வீட்டுப் பெரியவர் யாராவது தயங்கக்கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் சம்மதித்தால் ஆடி உங்களுக்கு வசதியான மாதம்: முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாக இருக்கும், சமையல்காரரும் பேரத்துக்கு இறங்கி வருவார். பூ மட்டும் ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில் விழாக்களால் விலை ஏறிக் கிடக்கும். சம்மதிக்காவிட்டால் உரிய தேதியில் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, மாலை மாற்றுவதையும் விருந்தையும் ஆவணி பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர், டிசம்பரைத் தவிர்க்கச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை விட்டுவைப்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் கரை கடந்தது இந்தப் பக்கத்தில்தான். பிந்தையதில் தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீடுகள் எந்த விசேஷத்துக்கும் அசையாது. மே மாதத்தில் அக்கினி நட்சத்திர வெயிலை உங்கள் பிள்ளைகள் தாங்குவார்களா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். தை, மாசியில் வானிலை இதமாக இருக்கும், ஆனால் முகூர்த்த நாள்களில் மண்டபத்துக்கும் வண்டிக்கும் போட்டி அதிகம்.

பெற்றோருக்காக ஏற்பாடு செய்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்வது உண்டு. மணிவிழாவுக்கும் திருமண நாளுக்கும் தொடர்பில்லை. மணிவிழா என்பது கணவருக்கு 60 வயது நிறைவதை ஒட்டி, அவருடைய பிறந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்துச் செய்வது. 70இல் பீமரத சாந்தி, 80இல் சதாபிஷேகம் என்று அந்த வரிசை தொடரும். இவற்றுக்குக் கடலூர்க்காரர்கள் சிதம்பரம், சீர்காழி வழியாகத் திருக்கடையூர் போவது வழக்கம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தால் மணிவிழாவுக்கு முன்னுரிமை கொடுங்கள்; திருமண நாளை ஒரு வீட்டு விருந்தோடு நிறைவு செய்துகொள்ளலாம்.

ஊர் வந்து சேர்ந்ததும் அழைப்பிதழைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. நீங்கள் இல்லாத காலத்தில் யார் யார் வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது என்பதை அண்ணியிடமோ அத்தையிடமோ உட்கார்ந்து கேட்டுப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் விசாரித்திருந்தாலும் நேரில் போய் விசாரிப்பதுதான் கணக்கில் வரும், அதுவும் ஊருக்கு வந்த முதல் சில நாள்களுக்குள். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் துக்கம் விசாரிக்கப் போகாத வீடுகள் உண்டு. போகும்போது இனிப்பு வாங்கிப் போவதில்லை. புறப்படும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வருவதே முறை. அதே நாளில் அதே வீட்டில் விசேஷத்துக்கு அழைப்பதும் சரியாக இராது. சில நாள் விட்டு இன்னொரு முறை போய்த்தான் அழைக்க வேண்டும், அல்லது வேறொருவர் மூலம் சொல்லி அனுப்ப வேண்டும். வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். அங்கே அவர்கள் பேச வேண்டியது எதுவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பங்காளி வீட்டில் ஓராண்டுக்குள் இறப்பு நடந்திருந்தால், கொண்டாட்டம் வைக்கலாமா என்பதைப் பங்காளிகளிலேயே மூத்தவரிடம் கேட்டு, அவர் சொல்வதை ஏற்றுக்கொள்வது பின்னால் வரக்கூடிய மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

அழைப்பதில் தாய்மாமன் வீடு முதலில். கணவன் மனைவி இருவருமாகப் போய், வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு தட்டை நீட்டி அழைக்க வேண்டிய வீடுகள் பத்து இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு வாட்ஸப் அழைப்பே போதும், இன்று யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பத்து வீடுகளில் ஒன்றை விட்டுவிட்டால் அதன் பேச்சு உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை போகும்.

மொய் விஷயத்தில் தெளிவாக இருங்கள். ஊரில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. உங்கள் விழாவில் ஆயிரம் ரூபாய் வைத்தவர் வீட்டில் நாளைக்குக் காதுகுத்தோ கல்யாணமோ வரும்போது நீங்கள் தூலூசிலோ டொரொன்டோவிலோ இருப்பீர்கள். அந்த மொய்யைச் செய்யப் போவது ஊரில் இருக்கும் உங்கள் தம்பி. ஏற்கெனவே இரண்டு பக்கத்து விசேஷங்களுக்கும் செய்து தளர்ந்திருக்கும் அவர் தலையில் இன்னும் நூறு பெயர்களை ஏற்ற வேண்டாம். "மொய், பரிசுப் பொருள் தவிர்க்கவும்" என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்து திருநீறு பூசிக் கையில் கொடுக்கும் பணத்தையும், மனைவியின் பிறந்த வீட்டார் எடுத்துத் தரும் வேட்டி, புடவையையும் மட்டும் மறுக்காதீர்கள். அவை வேறு வகை.

அன்று காலையில் எங்கே போவது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. கடலூரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. எதிரே உள்ள ஔஷதகிரியில் ஹயக்கிரீவர் சன்னதி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஏராளமானோர் அங்கேதான் திருமணம் செய்துகொள்கிறார்கள் என்பதால், உங்கள் திருமணமே அங்கு நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெருமுகூர்த்த நாளாக இருந்தால் கெடிலம் ஆற்றைத் தாண்டும்போதே வண்டிகள் நகராது, விடியற்காலையிலேயே போய்விடுங்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயில் நகருக்குள்ளேயே இருப்பதால் முதியவர்களை அழைத்துப் போக எளிது. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய தலம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் கொஞ்சம் ஆர்வத்தோடு வருவார்கள். கிறித்துவக் குடும்பங்கள் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க விரும்பினால், அது புதுச்சேரி மிஷன் வீதிப் பேராலயமானாலும் இரயில் நிலையத்தருகே உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவானாலும், பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே பூசைக் கருத்தை, அதாவது எதற்காக ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்பதைப் பதிவு செய்து, பூசை நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேடைக்கும் அலங்காரத்துக்கும் செலவழிப்பதில் மனம் இல்லாதவர்கள் வடலூர் போகலாம். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அன்றைய உணவுக்கு அரிசியாகவோ பணமாகவோ கொடுத்துவிட்டு, வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டு வரலாம்.

விருந்துக்கு எண்பது, நூறு பேர் கொள்ளும் சிறிய ஹால் போதும். சமையலை இலைக்கணக்கில், அதாவது ஓர் இலைக்கு இவ்வளவு என்று பேசுவதா, பொருளை நாம் வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்குக் கூலி தருவதா என்று கேட்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இலைக்கணக்கே நிம்மதி. குறைந்தபட்ச இலை எத்தனை, பரிமாறும் ஆள்களும் தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தியா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். அசைவ விருந்தை மறுநாள் வீட்டில் வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கலாம் என்ற ஆசையோடு வருபவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அந்தக் குறையைப் பண்ருட்டிப் பலாப்பழம் ஈடுசெய்யும், அதற்கு அதுதான் பருவம்.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. முழு விடுப்பையும் தம்பி வீட்டில் கழிக்காதீர்கள். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு நீங்கள் வந்த நாள்களும் வேலை நாள்கள்தாம்: காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஏழரைக்குப் பள்ளி வேன் வரும், தம்பி மனைவிக்கும் அலுவலகம் இருக்கும். நான்கு பேர் கூடுதலாக வந்து, ஏசி போட்டு, வேளைக்கொரு பலகாரம் எதிர்பார்த்து உட்கார்ந்தால், அவர்கள் முகம் கோணாமல் செய்வார்கள் என்பதே அதை நீங்கள் செய்யாமல் இருப்பதற்குப் போதுமான காரணம். சில நாள் அங்கே, மிச்ச நாள் விடுதியில் என்று பிரித்துக்கொண்டு, அங்கே இருக்கும் நாள்களில் காய்கறி வாங்கப் பான்பரி மார்க்கெட்டுக்கு நீங்கள் போங்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுங்கள், கேஸ் சிலிண்டருக்கும் மின்கட்டணத்துக்கும் பணத்தை அண்ணி கையிலோ தம்பி மனைவி கையிலோ சத்தமில்லாமல் கொடுங்கள். தம்பியிடம் கொடுத்தால் வாங்க மாட்டார். புதுச்சேரியில் தங்குவதானால் திங்கள் முதல் வியாழன் வரை அறை எடுங்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களால் வாடகை கூடிவிடும்.

நண்பர்களைச் சந்திப்பதற்கு விழா நாளைப் பயன்படுத்தாதீர்கள். பள்ளித் தோழர்கள் விழாவுக்கு வந்து, உறவினர் கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்று, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்களை விடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து பேசிக்கொண்டே நடந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, பசித்த பிறகு சாப்பிடப் போகலாம். கடலூரில் என்றால் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. உயர்ந்த விலை உணவகத்தைத் தேர்ந்தெடுத்தால், வசதி குறைந்த நண்பர் ஏதாவது காரணம் சொல்லி வராமல் நின்றுவிடுவார். எல்லோரும் பணம் கொடுக்கத் துணியும் இடமாகப் பாருங்கள், ஒருவர் "நான் தருகிறேன் மாப்ளே" என்று முந்தினால் தரவிடுங்கள். நண்பர் ஒருவர் கடன் கேட்கவும் கூடும். எவ்வளவு தர இயலும், அது திரும்பி வராவிட்டாலும் நட்பைத் தொடர முடியுமா என்பதைக் கணவனும் மனைவியும் ஊருக்குக் கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தால், அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை. புதுச்சேரியில் வாங்கிய மது பாட்டில் மிஞ்சிவிட்டதென்று வண்டியில் போட்டுக்கொண்டு கடலூருக்குத் திரும்பாதீர்கள். புதுச்சேரி எல்லையான கன்னியக்கோயிலுக்கு அப்பால் தமிழ்நாடு, ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி கணவனுடைய உறவையும் நட்பையும் சுற்றியே அமைந்துவிடும் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவிக்கும் கல்லூரித் தோழிகள் இருக்கிறார்கள். திருமணமாகி நெய்வேலி, விழுப்புரம், பண்ருட்டி என்று சிதறிப் போனவர்கள், ஒருவரையொருவர் பார்த்தே ஆண்டுகள் ஆகியிருக்கும். திருமண நாள் இருவருக்கும் பொதுவானது. ஆகவே ஒரு முழு நாளை அவருக்கென்று ஒதுக்கி, வண்டியும் ஓட்டுநரும் ஏற்பாடு செய்து, பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொண்டு, இடையில் தொலைபேசியில் "எப்போது வருவாய்?" என்று கேட்காமல் இருக்க வேண்டும். தோழிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவதற்கு, நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாறு படகுத்துறை வசதியாக இருக்கும்; வார நாளாக இருந்தால் கூட்டமும் குறைவு.

வந்த கையோடு ஒரு அலுவலக வேலையையும் முடித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் மணந்த பலரிடம் சான்றிதழே இருக்காது. இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் பழைய திருமணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம் என்பதால், பத்திரிகை, திருமணப் படம், இருவரின் அடையாளச் சான்றுகளோடு முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததை ஒட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பதிவான திருமணத்தின் பிரதிக்காக இங்கே அலைய வேண்டியதில்லை. நான்த் நகரிலுள்ள மத்தியப் பதிவகத்திடம் பிரான்சிலிருந்தே கேட்டுப் பெறலாம்.

திரும்பும் பயணத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைக்காதீர்கள். வார விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் கூட்டத்தில், திண்டிவனம் வழியானாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையானாலும், மூன்று நான்கு மணி நேரப் பயணம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாடகை வண்டி பேசும்போது புதுச்சேரி எல்லையைக் கடக்கும் பெர்மிட் கட்டணம் அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழியனுப்ப விமான நிலையம்வரை வருகிறோம் என்று சொல்பவர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவது அவர்களுக்கும் நல்லது, வண்டியில் பெட்டிக்கும் இடம் கிடைக்கும்.