கார்க்கில் ‘யீ’ என்றால் எத்தனை பேர்?

அயர்லாந்தின் கார்க் நகருக்கு நர்ஸ் வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்: யாராவது உங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘யூ’ என்றோ ‘யீ’ என்றோ பேசினால் மரியாதையைத் தேடாதீர்கள், தலையை எண்ணுங்கள். நீ, நீங்கள் என்று கேட்டுப் பழகிய காது மரியாதையைத்தான் முதலில் அளக்கும். அங்கேதான் நான் சறுக்கினேன்.

வந்த புதிதில், வார்டில் கூட வேலை பார்த்த ஒரு வயதான அம்மா, “வில் யீ கம் ஆன் சண்டே?” என்று சாப்பிடக் கூப்பிட்டார். ஏதோ பழங்காலத்து மரியாதை என்று நினைத்து, நான் மட்டும் போய் நின்றேன். மேசையில் ஐந்து தட்டு. என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் தேடி அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘யூ’ ஒருத்திக்கு, ‘யீ’ குடும்பத்துக்கே. உங்கள் எல்லாருடையதும் என்றால் ‘யீர்’. டப்ளினில் இதே இடத்தில் ‘யூஸ்’ அல்லது ‘யிஸ்’ கேட்கும்.

பழைய ஆங்கிலத்தில் ஒருவருக்கு ‘தௌ’, பலருக்கு ‘யீ’. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில்கூட இந்தக் கணக்கு உண்டு. பிற்பாடு ‘யூ’ இரண்டையும் விழுங்கிவிட்டது. ஐரிஷ் மொழியிலோ ஒருவருக்கு ‘தூ’, பலருக்கு ‘ஷிவ்’ (நம் காதுக்குச் சிவன்தான்!). அப்படிப் பிரித்தே பேசிப் பழகியவர்கள் ‘யீ’யை விடுவார்களா?

நீங்களும் ‘யீ’ போட வேண்டியதில்லை. ‘யூ ஆல்’ போதும். ஆனால் ‘யூ பீப்பிள்’ மட்டும் வேண்டவே வேண்டாம். ஊரில் அது வெறும் ‘நீங்கள் எல்லாரும்’. இங்கே ‘உங்க கூட்டமே இப்படித்தான்’ என்று விழும். நோயாளியின் குடும்பத்திடம் நான் அதைச் சொன்னபோது அறையே அமைதியாகிவிட்டது.

மரியாதை வேண்டுமா? ‘குட் யூ’ (could you) என்று கேள்வியாகக் கேளுங்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். என் மேலதிகாரியையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வாய் கூச ஆறு மாதம் ஆனது.

இன்னொன்று. “யெர் மேன் இஸ் லுக்கிங் ஃபார் யூ” என்று ஒரு தாத்தா சொன்னதும், வீட்டுக்காரர் வந்துவிட்டாரோ என்று வாசலுக்கு ஓடினேன். பக்கத்துக் கட்டில்காரர் மாத்திரை கேட்டிருக்கிறார். ‘யெர் மேன்’ என்றால் அந்த ஆள், அவ்வளவுதான். பெண்ணாக இருந்தால் ‘யெர் வான்’.