நாய் மருந்தில் மிச்சம் பூனைக்கு ஆகாது

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். அதன் காது மடல் விட்டுவிட்டுத் துடித்தது. வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தரையை மிதித்ததுபோல் காலை உதறிக்கொண்டே இருந்தது. “நாய்க்கு விட்ட சொட்டு மருந்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, வீணாக்குவானேன்னு இதுக்கும் விட்டேன்” என்றார்.

அட்டையைப் பார்த்தால் பெர்மெத்ரின். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் நாய்களுக்குப் பல காலமாகக் கொடுக்கும் மருந்துதான். நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதனால் ‘கொஞ்சம்தானே’ என்ற கணக்கு இங்கே செல்லாது. நாயை ஒட்டிப் படுக்கும் பூனைக்கும், நாயை நக்கிவிடும் பூனைக்கும் ஆபத்துதான். வீட்டில் இரண்டும் இருந்தால் நாய்க்கே பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குவது நல்லது.

மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் இரண்டும் இதே குடும்பம். எறும்புச் சாக்பீஸிலும் இவைதான். அதைக் குட்டியின் முதுகில் தேய்த்து விடுபவர்களும் இருக்கிறார்கள்!

கைவைத்தியம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவுவது நம் வீடுகளில் பழக்கம். பூனையும் நாயும் உடம்பை நக்கும், கற்பூரம் வயிற்றுக்குள் போகும். தோல் வழியாகவும் ஏறும். வலிப்பு வரை கொண்டுபோய் விடும். சோற்றில் பூண்டு பிசைந்து போட்டால் பூச்சி ஓடுகிறதோ இல்லையோ, ரத்தச் சிவப்பணுக்கள் அழியும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அடுத்தது எடைக் கணக்கு. பெரிய நாய்க்கான சொட்டு மருந்துக் குழாயை வாங்கி இரண்டு குட்டிகளுக்குப் பங்கு போடுவது சிக்கனம் போலத் தோன்றும், ஆனால் யாருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. எட்டு வாரம்கூட ஆகாத குட்டி என்றால் பெரும்பாலான மருந்துகளை எடுக்கவே கூடாது, சீப்பு போதும். நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கருப்புத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். குடித்த ரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

மருந்து விட்டு ஒரு வாரம் கழித்தும் பூச்சி தெரிகிறதே என்று மறுபடி விடுவது, கூடவே பூச்சி மருந்துக் கழுத்துப்பட்டையும் மாட்டுவது, அப்புறம் மாத்திரையும் கொடுப்பது: அவசரப்பட்டு அளவை மீறுவது இப்படித்தான். பிராணியின் மேல் ஊர்வது மொத்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பங்கு. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் மிதியடியிலும் சோபா இடுக்கிலும் இருக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, மூலை முடுக்கைக் கூட்டி அள்ளுங்கள்.

தெள்ளுக்கும் உண்ணிக்கும் கொடுக்கும் ஃப்ளூரலேனர், அஃபோக்சோலேனர் வகை மாத்திரைகளைப் பெரும்பாலான நாய்கள் தாங்கும். ஆனால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனில் என்ற இன்னொரு தெள்ளு மருந்தின் பக்கமே போகாதீர்கள்.

சரி, தவறு நடந்துவிட்டால்? வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மருந்து பட்ட இடத்தை உடனே கழுவுங்கள். சுடுதண்ணீர் விட்டால் மருந்து இன்னும் வேகமாக உள்ளே ஏறும். பச்சைத் தண்ணீர் விட்டால் உடம்பு குளிர்ந்து நடுக்கம் கூடும். பால் ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். துவட்டி, கதகதப்பாகச் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அறிகுறி சில மணி நேரத்தில் வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம்.

மருந்து அட்டையும் கையோடு போகட்டும். அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். மருத்துவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், வேறு எதுவும் கேட்காமல் ஊசியை எடுத்தார்.