‘பார்சல் எங்க அண்ணாச்சி?’: நெல்லையிலிருந்து இணையக்கடை நடத்துவோருக்கு

அல்வா, கருப்பட்டி, பத்தமடைப் பாய் எதை விற்றாலும் வருகிற புகார் பெரும்பாலும் மூன்றுதான்: பார்சல் வரவில்லை, பணம் போய்விட்டது, வந்த பொருள் கெட்டிருக்கிறது. இம்மூன்றில் பாதி, பார்சல் ஊரை விட்டுக் கிளம்புமுன்னே நம் கையால் உண்டாவது. ஆகவே வேலையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் முகவரிப் படிவம். பின்கோடை முதல் கட்டமாக வையுங்கள். அதைக் கொண்டு ஊரும் மாவட்டமும் தானாக நிரம்பட்டும். ஜங்ஷன் 627001, பாளையங்கோட்டை 627002, டவுன் 627006. உள்ளூர்க்காரரே இவற்றை மாற்றிப் போட்டுவிடுவார்கள். கதவு எண்ணுக்கு இரண்டு கட்டம் தேவை, பழைய எண், புதிய எண். அடையாளத்துக்குத் தனிக் கட்டம் வைத்து அதை நிரப்பியே தீர வேண்டும் என்று அமையுங்கள். ‘பிள்ளையார் கோவில்’ என்று மட்டும் வந்தால் போதாது, தெருவுக்கொரு பிள்ளையார் இருக்கிறார். கோவிலுக்கு எதிரிலா, பின்னாலா என்று கேளுங்கள். சென்னை, பெங்களூரு அடுக்ககம் என்றால் பிளாக், மாடி, வீட்டு எண் மூன்றும் வேண்டும். இதோடு ஒரு கேள்வி சேர்த்தால் பாதித் தலைவலி குறையும்: ‘பகலில் பார்சலை யார் வாங்குவார்கள்?’ வேலைக்குப் போகிறவர் வீட்டில் பதினோரு மணிக்கு ஆள் இருக்காது. காவலாளியிடம் கொடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு, லேபிளில் அச்சடித்துவிடுங்கள். இரண்டாவது கைபேசி எண்ணும் அவசியம். கூட்டத்தில் இருப்பவர் தெரியாத எண்ணை எடுக்கமாட்டார்.

அடுத்தது கட்டுதல். அல்வாவைச் சூட்டோடு உறையில் போட்டு ஒட்டினால் ஆவி உள்ளேயே நீராகிப் பூஞ்சை பிடிக்கும். தட்டில் பரப்பி, கைக்குச் சூடே தெரியாத அளவு ஆறிய பிறகுதான் ஒட்ட வேண்டும். உணவுத்தர உறை, அதன் மேல் மூடி போட்ட டப்பா, அதன் மேல் அட்டைப்பெட்டி. ஒரு கிலோ வரை மூன்றடுக்கு அட்டை, அதற்கு மேல் ஐந்தடுக்கு. சித்திரை வெயிலில் நெய் உருகிக் கசிந்தால் முகவரி மை கலைந்துவிடும். எனவே லேபிள் முழுவதையும் மறைக்கிற மாதிரி ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைப் பக்கத்துக் கடையைப் பார்த்து எழுதக் கூடாது. ஒரே பதத்தில் எடுத்த பத்துப் பொட்டலத்தை அறையிலேயே வைத்து, இரண்டு நாளைக்கு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதல் மாற்றம் தெரிகிற நாளுக்கு நாலைந்து நாள் முன்னதைக் கடைசித் தேதியாகப் போடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்: ‘நெய் பிரிந்து நிற்பது இயல்பு. குளிரில் இறுகினால் லேசாகச் சூடாக்கவும். புளித்த வாடையோ வெள்ளைப் பூஞ்சையோ தெரிந்தால் சாப்பிடாமல் படம் அனுப்பவும்.’ நெய் நின்றால் கெட்டுப்போச்சு என்று வெளியூர்க்காரர் எழுதுவார். நெய் நிற்காவிட்டால் ஏமாத்திட்டீங்க என்று நம்மூர்க்காரர் எழுதுவார்.

பாய்க்கு வேறு கணக்கு. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பொருள் அடைக்கிற இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். 100×12×12 அளவுள்ள சுருள் ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் கணக்குப்படி 2.88 கிலோ. இதைப் பார்க்காமல் ‘அஞ்சல் இலவசம்’ என்று போட்டால் லாபம் அங்கேயே கரையும். சொல்லி நெய்கிற பாய்க்குத் தேதி கேட்டால் நெசவாளர் சொன்ன நாளோடு ஒரு வாரம் கூட்டிச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு பலர் செய்கிற தவறு, லேபிள் அச்சடித்ததுமே தடம் பார்க்கும் எண்ணை வாடிக்கையாளருக்குத் தட்டிவிடுவது. கூரியர் ஆள் பார்சலை எடுத்து ஸ்கேன் செய்கிற வரை அந்த எண்ணில் ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் பத்துத் தடவை பார்த்துவிட்டு, ‘சும்மா எண் கொடுக்கீங்களா?’ என்பார். எடுத்துப்போன பிறகே எண்ணை அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் எண் 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐஎன்’.

தினமும் காலை 11 மணிக்கும் மாலையிலும் கூரியர் தளத்தில் ‘சேர்க்க முடியவில்லை’ பட்டியலைத் திறந்து பாருங்கள். கூரியர் வழக்கமாக இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். பாய் திரும்பி வந்தால் மறுபடி விற்கலாம், அல்வா வந்தால் கொட்ட வேண்டியதுதான். முதல் முயற்சி தவறிய அன்றே வாடிக்கையாளரைக் கூப்பிடுங்கள். உணவுப் பொருளுக்கு வீட்டில் பணம் வாங்கும் முறை வேண்டவே வேண்டாம்.

பணப் புகாரில் நிதானம் தேவை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அனுப்பாதீர்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கில் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கேட்வேக்கு (இணையத்தில் நமக்காகப் பணம் வாங்கித் தரும் சேவை) வந்து, ஆர்டர் மட்டும் தளத்தில் பதியாமல் போவதும் உண்டு. வாடிக்கையாளர் பணம் கட்டியதும் பக்கத்தை மூடிவிட்டால் அப்படி நடக்கும். அப்போது ‘மறுபடி கட்டுங்க’ என்று சொல்லவே கூடாது, ஆர்டரைக் கையால் போட்டுவிடுங்கள். பணம் அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வரவே இல்லையென்றால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட விதியைச் சொல்லுங்கள்: கடைக்குச் செலுத்தி உறுதியாகாத தொகை ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். நீங்களே ரீஃபண்ட் போட்டால் அதன் குறிப்பு எண்ணையும் அனுப்புங்கள். ‘போட்டாச்சு’ என்ற ஒரு சொல்லை யாரும் நம்புவதில்லை.

உங்கள் தொலைபேசி எண் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணில் படும்படி இருக்கட்டும். கிடைக்காவிட்டால் மக்கள் கூகுளில் தேடுவார்கள், அங்கே போலி ‘கஸ்டமர் கேர்’ எண் காத்திருக்கும். பணம் திரும்பப் பெற யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையில்லை, அதை நாங்கள் கேட்கவே மாட்டோம் என்று ஒரு வரியும் எழுதிவையுங்கள்.

இனி பதில். ‘பாத்துட்டு சொல்லுதேன்’ என்பது நம்மூரில் மரியாதையான பேச்சு. மும்பையில் காத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. பதிலில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறோம், எத்தனை மணிக்குள். இப்படி: ‘வணக்கம் அண்ணாச்சி. உங்க பார்சல் நேத்து சென்னை வந்துட்டு. கேட்டுல ஆள் எடுக்கலன்னு திரும்பிட்டு. இன்னைக்குச் சாயங்காலம் 6 மணிக்குள்ள மறுபடி வரும். வரலைன்னா ஆறரைக்கு நானே கூப்பிடுதேன்.’ ஆறரைக்குக் கூப்பிட வேண்டும், பார்சல் வந்திருந்தாலும் சரி. அண்ணாச்சி என்பதை எல்லாருக்கும் நிரந்தரப் பதிலாகப் பதித்துவைக்காதீர்கள்; கல்லூரிப் பெண்ணுக்கும் அதே போய்ச் சேரும். தெரியாதவருக்குப் பெயரும் ‘நீங்க’வும் போதும்.

2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘வந்து சேர்ந்தது’ என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. வாடிக்கையாளர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுகிற நிலைக்கு விடாதீர்கள்.

தீபாவளிக்குக் கடைசி ஆர்டர் தேதியைத் தளத்தின் தலையிலேயே போடுங்கள்: சென்னைக்கு ஒரு வாரம், மும்பை, டெல்லிக்குப் பத்து நாள் முன்பு. ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதிகளுக்குள் வண்டி நுழையாது. முந்தின நாளே பார்சலைப் பாளையங்கோட்டைப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ரயிலே நின்றது. அதுபோன்ற நாளில் ஒவ்வொருவரும் கேட்கும்வரை காத்திராமல், நிலுவையில் உள்ள எல்லாருக்கும் அன்று காலையிலேயே ஒரே செய்தி அனுப்புங்கள்: நிலைமை இது, அடுத்த தகவல் நாளை காலை 10 மணிக்கு, வேண்டாமென்றால் முழுப்பணமும் இன்றே. வாட்ஸாப் ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பினால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். மற்றவர்களுக்குக் குறுஞ்செய்தியோ தனித்தனி அழைப்போதான்.