நண்டு வளை: வினாத்தாள் காப்பில் நாம் செய்யும் தவறுகள்

வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் மடையைப் போய்ப் பார்ப்பதில்லை. மடை அடைத்துத்தான் இருக்கும். வரப்போரமாகக் குனிந்துகொண்டே நடந்து, நண்டு வளை எங்கே என்று தேடுவார்கள். கட்டைவிரல் பருமனில் ஓர் ஓட்டை போதும். விடிவதற்குள் ஒரு மா நிலத்துத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போயிருக்கும்.

மன்னார்குடிப் பக்கம் பள்ளிகளில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள் நான். வினாத்தாளும் இப்படித்தான் போகிறது. வினாத்தாள் கட்டுகளைத் தேர்வு நாள்வரை பூட்டிவைக்கும் கட்டுக்காப்பு மையத்தில் இரட்டைப் பூட்டு உண்டு, துப்பாக்கியோடு போலீஸ் உண்டு, கேமரா உண்டு. அதெல்லாம் மடை. அந்தப் பூட்டுக்கும் தேர்வறைக்கும் நடுவே தாள் நம் கையில் இருக்கும் கொஞ்ச நேரத்தில், அவசரத்திலும் சோம்பலிலும் சில சமயம் நல்ல மனதிலும் நாம் செய்கிற காரியங்கள்தான் வளை. அதனால் இது ஆசிரியர்களுக்காக எழுதுவது. பிட் அடிக்கும் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது.

முதல் தவறு, "சின்னத் தேர்வுதானே" என்ற நினைப்பு. பொதுத்தேர்வு என்றால் எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது. காலாண்டு, திருப்புதல் என்றால் வினாத்தாள் கட்டு ஆசிரியர் அறை மேசையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கும். 2022 பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே சமூக ஊடகங்களில் சுற்றின. விசாரணை திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளில் போய் நின்றது. வெளியே போனது பொதுத்தேர்வுத் தாள் அல்ல, திருப்புதல் தாள்தான். ஆனாலும் மாநிலமே பேசியது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியல் காலாண்டு வினாத்தாளை நாங்களே தயாரித்து அலுவலகத்திலேயே நகலெடுத்தோம். மை பரவிக் கெட்டுப்போன தாள்கள் முப்பது நாற்பது இருக்கும். அவற்றைக் கிழிக்காமல் மூலையில் போட்டுவைத்தோம். பெருக்க வரும் அக்கா பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்கு வடை வந்தது அந்தத் தாளில்தான். எண்ணெய் ஊறிய தாளில் நெடுவினாக்கள் பளிச்சென்று தெரிந்தன.

"அண்ணே, இந்தத் தாள் இன்னும் இருக்கா?"

"காலையிலேருந்து அதுலதான் டீச்சர் மடிச்சுக் குடுக்குறேன். நாலஞ்சு மிச்சம் இருக்கும், வேணுமா?"

அன்று இரவு தலைமையாசிரியரும் நானும் உட்கார்ந்து வேறு வினாத்தாள் எழுதினோம். அக்காவைத் திட்டப் போனவரை நான்தான் தடுத்தேன். கெட்ட தாளும் வினாத்தாள்தான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? இப்போது பல தேர்வுகளுக்குத் தாள் கோப்பாகவே பள்ளிக்கு வருகிறது. அச்செடுத்தபின் அந்தக் கோப்பு ஆய்வகக் கணினியின் டவுன்லோடு பகுதியிலேயே கிடக்கும். மறுநாள் காலை அதே கணினியில் பிள்ளைகள் உட்காருவார்கள். பள்ளிப் பிரிண்டர் பழுது என்று பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவது இன்னொன்று. கடைக் கணினியில் பிரதி தங்கிவிடும், அடுத்து நிற்பவர் தலையை நீட்டிப் பார்ப்பார். வேறு வழியே இல்லை என்றால் கூடவே நின்று, கோப்பை அழிக்கச் செய்து, கெட்ட தாள்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எண்ணுவது என்றதும் நெல் கொள்முதல் நிலையம் நினைவுக்கு வருகிறது. அங்கே மூட்டையை இறக்குபவர் ஒரு பக்கம் எண்ணுவார், எழுதுபவர் இன்னொரு பக்கம் எண்ணுவார், கொண்டுவந்த விவசாயி மூன்றாவதாக எண்ணிக்கொண்டிருப்பார். மூன்றும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. நாமோ காலை ஏழு மணிக்குக் கட்டுக்காப்பு மையத்தில் வரிசையில் நின்று, "சரியா இருக்கும் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறுகிறோம். மேல்நிலைத் தேர்வில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் வரும். இயற்பியலும் பொருளியலும் ஒரே காலையில் நடக்கும். உறைமேல் இருக்கும் பாடம், தேதி, பயிற்று மொழி, எண்ணிக்கை நான்கையும் வாய்விட்டுப் படித்து வாங்குங்கள். கொடுப்பவரும் அதேபோல் படித்துக் கொடுக்கட்டும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு 2018-ல் நடந்தது பாடம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தாள் வெளியானது, ஏப்ரல் 25-ல் மறுதேர்வு நடந்தது. விசாரணை இமாசலப் பிரதேசத்தின் உனா வரை போனது. வேறொரு பாடத்தின் கட்டை எடுக்க, தாள்களைப் பூட்டிவைத்திருந்த வங்கிக்குப் போன ஆசிரியர் பொருளியல் கட்டையும் சேர்த்து எடுத்துவந்தார் என்பதுதான் புகார். பாதுகாப்பு அறைக் கதவை யாரும் உடைக்கவில்லை. எடுத்துப்போன கட்டை எண்ணிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தத் தாள் கையால் எழுதிய பிரதியாகத்தான் சுற்றியது. "நான் போட்டோவே எடுக்கவில்லையே" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதும் தவறு. 2024 நீட் வினாத்தாள் கசிவு வழக்கில், ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் தாள் இருந்த ட்ரங்க் பெட்டியின் கீல்களில் கைவைத்துத் திறந்தார்கள் என்று சி.பி.ஐ. கண்டறிந்தது. அதனால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உறையின் அடிமடிப்பையும் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு தொல்லை, கார்த்திகை அடைமழை. அரையாண்டுத் தேர்வுக் கட்டுகள் ஈரத்தில் கிடந்தால் பசை இளகி உறை தானாகவே வாய் பிளக்கும். அப்போது பதறிப்போய்ப் புதுப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய மறுநிமிடம் அது யாரோ பிரித்து ஒட்டிய உறை ஆகிவிடுகிறது. தொடாமல் அப்படியே வைத்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டி, நேரத்தோடு எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிட்டு மேலே தகவல் சொல்ல வேண்டும். கட்டுகளைத் தரையில் அடுக்காமல் பெஞ்சின்மேல் அடுக்கினால் இந்தத் தலைவலியே பாதி வராது.

சரி, தேர்வறைக்கு வருவோம். 10 மணிக்கு மணி அடிக்கிறது. பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்புத்தாள் விவரம் சரிபார்க்க, 10.15-லிருந்து எழுத. உறையை மாணவர் இருவரிடம் காட்டி, அவர்கள் கையெழுத்திட்ட பிறகே பிரிப்பது நம் நடைமுறை. அதை "நேரமாகுது, அப்புறம் கையெழுத்து வாங்கிக்கலாம்" என்று பிரித்துவிடுகிறோம். அந்த இரண்டு கையெழுத்தும் நம்மைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கைப்பேசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் ஓசூரில், பிளஸ் டூ கணிதத் தேர்வறையில் கண்காணிப்புக்கு நின்ற ஆசிரியரே வினாத்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆசிரியர்கள் கைதானார்கள். அது திட்டமிட்டுச் செய்தது. நான் பயப்படுவது திட்டமில்லாமல் செய்வதற்கு. ஒரு மதிப்பெண் வினாவில் இரண்டு விடை பொருந்துவதுபோல் இருக்கும். பாட ஆசிரியர்கள் குழுவில் "இதற்கு என்ன விடை, சொல்லுங்கள்" என்று 11 மணிக்குப் படம் போடுவார்கள். போட்டவருக்குக் கெட்ட எண்ணமே இருக்காது. அந்தக் குழுவில் இருநூறு பேர் இருப்பார்கள், அதில் எத்தனை பேரின் பிள்ளைகள் அப்போது தேர்வறையில் இருக்கிறார்கள் என்று யார் கண்டது? சைலண்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன் என்ற சமாதானமும் வேண்டாம். தேர்வு மையத்துக்குள் கைப்பேசி மாணவருக்கும் கூடாது, நமக்கும் கூடாது.

பொதுத்தேர்வு வினாத்தாளை 1.15-க்குப் பிறகு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அதன் ரகசியம் அந்த மணியோசையோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அரசு அளந்து பார்க்கும் அடைவு ஆய்வுகள் அப்படி இல்லை. இந்த வித்தியாசம் பல ஆசிரியர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

2021 நவம்பர் 12-ல் நடந்த தேசிய அடைவு ஆய்வான நாஸ் 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளுக்கு. 2024 டிசம்பர் 4-ல் அதேபோல் தேசிய அளவில் நடந்த பரக் ஆய்வு 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு. மாநில அளவில் ஸ்லாஸ் என்ற அடைவு ஆய்வு இருக்கிறது. இவற்றில் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது. அதனால்தான் கை தளர்கிறது. கள ஆய்வாளராக வரும் பி.எட். மாணவர் பாவம், புது ஊர், புதுப் பள்ளி. டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, ஒரு புக்லெட் வச்சுக்கிறேன், பசங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆகும்" என்று கேட்டால் மறுக்க அவருக்கு வாய் வராது.

கேட்கக் கூடாது. ஏன் என்றால், இந்த மாதிரி ஆய்வுகளில் நல்ல வினாக்கள் ஒரு தடவையோடு தீர்ந்துபோவதில்லை. போன தடவையை இந்தத் தடவையோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் பொதுவாகச் சில வினாக்கள் இருந்தாக வேண்டும். அளவுகோல் மாறாமல் இருந்தால்தானே பிள்ளை வளர்ந்ததா என்று தெரியும்? மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு, எது பெரிது என்று ஒரு வினா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் அந்த வினாவையே கரும்பலகையில் போட்டுப் பத்துத் தடவை சொல்லவைத்தால், அடுத்த ஆய்வில் நம் மாவட்டப் பிள்ளைகளுக்குப் பின்னம் நன்றாக வருகிறது என்று பதிவாகும். பின்னத்துக்கு வர வேண்டிய பயிற்சியும் துணைப்பாடமும் வேறு மாவட்டத்துக்குப் போகும். நம் பிள்ளையோ ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். மருத்துவர் வருவதற்கு முன்னால் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று காட்டியது மாதிரிதான்.

ஆகவே வினா புக்லெட், விடைக்கு வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள், வராத பிள்ளையின் புக்லெட், கிழிந்துபோனது, எல்லாமே எண்ணிக்கையில் திரும்பிப் போக வேண்டும். மனப்பாடமாக நினைவில் வைத்து அன்று மாலையே நோட்டில் எழுதிக்கொள்வதும் படமெடுப்பது போலத்தான். பின்னத்தைச் சொல்லிக்கொடுங்கள், தாராளமாக. அந்த ஒரு வினாவை மட்டும் விட்டுவிடுங்கள்.

மதிப்பெண் முக்கியமான சின்னத் தேர்வும் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் மாதம் ₹1,000, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. நான்கு வருடத்தில் ₹48,000. தமிழ்நாட்டுக்கு இடங்கள் 6,695தான். நடவுக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு அது என்ன தொகை என்று நான் சொல்லத் தேவையில்லை. வினா தெரிந்து ஒரு பிள்ளை உள்ளே போனால் முத்துப்பேட்டையிலோ வலங்கைமானிலோ இன்னொரு பிள்ளை வெளியே நிற்கும். அந்தப் பிள்ளை நம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சங்கடம்.

நம் கண்ணுக்குத் தெரிவது உறவுதான். டெல்டா கிராமங்களில் யாருக்கு யார் சொந்தமில்லை? தேர்வு எழுதுவது தங்கை மகன், கண்காணிப்பது பெரியம்மா. இதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு மையம் போட்டுவிடுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு யாரோ மொட்டைக் கடிதம் எழுதும்போதுதான் வெட்கம்.

திருத்தும் இடத்தில் நடப்பது ஒன்று, என்னைக் கேட்டால் இது அசிங்கமும்கூட. பிள்ளை எழுதிய வேடிக்கையான விடையைப் படமெடுத்துக் குழுவில் போட்டுச் சிரிப்பது. கையெழுத்தைப் பார்த்தே அடையாளம் தெரிந்துவிடும். முகப்புத்தாளில் பார்கோடு வைத்துப் பெயரை மறைப்பதற்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு, நாமே காட்டிக்கொடுக்கிறோம்.

காவல் என்ற பேரில் எல்லை மீறுவதும் உண்டு. தேர்வறையின் ஒரு வாசலை வெளியே பூட்டிவைப்பது அதில் ஒன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் கொடுத்த மண் இது. தாளைப் பூட்டுங்கள், பிள்ளைகளைப் பூட்டாதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2024 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தில் மூன்றிலிருந்து ஐந்து வருடம் சிறை, பத்து லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. அது யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகள், நீட் நடத்தும் என்.டி.ஏ. போன்றவற்றுக்கு. நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அந்தப் பட்டியலில் இல்லை. "அப்போ நமக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால், ஓசூர்க் கைது அந்தச் சட்டத்துக்கு ஒன்பது வருடம் முந்தியது என்று நினைவுபடுத்துங்கள்.

கடைசியாக, கசிந்துவிட்டது என்று சந்தேகம் வரும் நேரம். காலை 7.40, உங்கள் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது, "இன்னைக்கு கணக்கு கொஸ்டின்" என்று. உண்மையா என்று தெரிந்துகொள்ள நான்கு நண்பர்களுக்கு அனுப்புவீர்கள். அனுப்பிய கணத்தில் நீங்களும் பரப்பியவர். இன்னும் மோசமானது, ஒப்பிட்டுப் பார்க்க முத்திரையிட்ட கட்டைப் பிரிப்பது. படம் பொய்யாக இருக்கலாம், நீங்கள் பிரித்த கட்டு மெய். மூன்றாவது, பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொள்வது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படத்தை அழிக்காமல் வையுங்கள். யாரிடமிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். முதன்மைக் கண்காணிப்பாளருக்கோ மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கோ போன் போடுங்கள். 8 மணிக்குச் சொன்னால் தாளை மாற்றுவதா, தேர்வைத் தள்ளிவைப்பதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும். 2 மணிக்குச் சொன்னால் விசாரணைக் குழு அமைக்க மட்டும்தான் நேரம் இருக்கும்.